மேய்ப்பர் உண்ணாத பண்டம்

'ஷெப்பர்ட்ஸ் பை' என்னும் ஆங்கிலேயப் பண்டத்தின் பெயரைத் தமிழாக்க முனைபவர் முதல் அடியிலேயே இடறுவார். 'பை' நமக்குத் தோளில் தொங்குவது. 'ஷெப்பர்ட்' என்பதற்கு 'மேய்ப்பன்' என்று எழுதினால் விவிலிய வாடை வந்துவிடுகிறது. 'இடையன்' என்றால் சாதிப்பெயராகிவிடுகிறது. எங்கள் விளாத்திகுளம் பக்கம் வழங்கும் சொல்லை வைத்து 'ஆட்டுக்காரர் பை' என்று எழுதினாலோ, அவர் கக்கத்தில் இடுக்கிச் செல்லும் துணிப்பைதான் கண்முன் வரும். பண்டம் என்னவோ எளிமையானது. கொத்திய ஆட்டிறைச்சியை வெங்காயத்தோடு வேகவைத்து ஒரு தட்டில் பரப்பி, அதன்மேல் மசித்த உருளைக்கிழங்கைப் போர்வை போல மூடி, மேற்புறம் சிவக்கும்வரை அடுப்புக்குள் வைத்துச் சுடுவது. அவ்வளவுதான்.

இந்தப் பண்டத்தைத் தின்று வளர்ந்தவர்கள் ஏறத்தாழ நாற்பதாண்டுக் காலம் எங்கள் கரிசல் காட்டின் வழியாகவே ரயிலில் போய்வந்துகொண்டிருந்தார்கள். ரயில் சன்னலுக்கு வெளியே ஆடு உண்டு, ஆட்டுக்காரர் உண்டு, வெங்காயமும் உண்டு. ஆயினும் பண்டம் மட்டும் இங்கே இறங்கவில்லை. ஏன் இறங்கவில்லை என்ற கேள்வியைப் பின்தொடர்ந்து போனால், உணவுக்குப் பெயர் வைப்பவர் யார், சமைப்பவர் யார், உண்பவர் யார் என்று மூன்று வேறு வேறு மனிதர்களைச் சந்திக்க நேர்கிறது. இக்கட்டுரை அவர்களைப் பற்றியது.

முதலில் அதன் பிறந்த வீடு. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் வாழ்ந்த ஜேம்ஸ் வுட்ஃபோர்டு என்ற பாதிரியார் தினமும் என்ன உண்டார் என்பதைச் சலிக்காமல் நாட்குறிப்பில் எழுதிவைத்தவர். (நம் ஆனந்தரங்கப் பிள்ளைக்கு அரசியல் எப்படியோ, இவருக்குச் சாப்பாடு அப்படி.) அவருடைய 1791ஆம் ஆண்டுக் குறிப்பில் 'காட்டேஜ் பை', அதாவது குடிசைப் பை, இடம்பெறுகிறது. 'ஷெப்பர்ட்ஸ் பை' என்ற பெயர் அச்சில் தென்படுவது 1854இல், ஸ்காட்லாந்தில் வெளியான ஒரு சமையல் நூலில். ஆட்டிறைச்சி போட்டால் மேய்ப்பன் பெயர், மாட்டிறைச்சி போட்டால் குடிசைப் பெயர் என்று இன்று ஆங்கிலேயர் கறாராகச் சொல்வதெல்லாம் பின்னால் வந்த ஒழுங்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரண்டு பெயர்களும் ஒன்றுக்கொன்று மாறி மாறி வழங்கின.

இதன் அடிப்படை மிச்சத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்துவந்து ஒரு பெரிய தொடைக்கறியைச் சுட்டு உண்பது வசதியுள்ள ஆங்கிலேயக் குடும்பத்தின் வழக்கம். மீந்த கறி அந்நாட்டுக் குளிரில் மறுநாளும் கெடாமல் இருக்கும். அதைப் பொடியாக நறுக்கி, சாறு விட்டு நனைத்து, காய்ந்துபோகாமல் இருக்க உருளைக்கிழங்கால் மூடிச் சுட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கறி அரைக்கும் கைப்பொறி வீடுகளுக்குள் வந்ததும் வேலை இன்னும் சுலபமாயிற்று. நாம் பழைய சோறு உண்பது போல, இது அவர்களுடைய பழைய கறி. கொஞ்சம் கறியைக் கிழங்கின் துணையோடு நிறையப் பேருக்குப் பங்கிடும் உபாயம் என்றும் சொல்லலாம்.

அப்படியானால் மேய்ப்பன் எங்கே வந்தான்? ஞாயிற்றுக்கிழமைதோறும் தொடைக்கறி சுட்டு, மீத்தும் வைக்கக்கூடிய மேய்ப்பன் ஸ்காட்லாந்தில் இருந்ததாகத் தெரியவில்லை. அந்தப் பெயர் அச்சேறிய காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி நூறாண்டுகளாக ஸ்காட்லாந்தின் மலைப்பகுதிகளில் நிலப்பிரபுக்கள் குடியானவர்களை ஊர் ஊராக வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். ஆட்டு மந்தைகளுக்கு இடம் வேண்டியிருந்தது. ஆட்டு ரோமத்துக்கு நல்ல விலை இருந்தது. விரட்டப்பட்டவர்கள் கடற்கரையோரத் துண்டு நிலங்களில் உருளைக்கிழங்கை நட்டுப் பிழைத்தார்கள். 1846இல் அந்தக் கிழங்கும் கருகல் நோயில் அழுகிற்று. அயர்லாந்தில் அதற்கு முந்தைய ஆண்டே தொடங்கிய பெரும் பஞ்சத்தை நாம் அறிவோம். ஆக, ஏழைக்கு இறைச்சியில்லாத கிழங்கு. பிறகு அதுவும் இல்லை. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து நகரத்துச் சமையல் நூலில் கறியும் கிழங்கும் சேர்ந்த பண்டம் மேய்ப்பனின் பெயரைத் தாங்கி வருகிறது. பெயர் வைத்தவர்கள் வயலிலோ மலையிலோ இல்லை என்பது மட்டும் தெளிவு.

நம் இலக்கியம் இந்த விஷயத்தில் நேர்மையாக இருந்திருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் பாணன் வழிநெடுக ஒவ்வொரு நிலத்து மக்களிடமும் என்ன உணவு பெறுவான் என்று ஒரு வரிசை வருகிறது. எயினர் குடியில் உடும்புக் கறி. மருதநிலத்து உழவர் வீட்டில் வெண்சோறும் கோழியும். ஆயிரம் உயிர்களை மேய்க்கும் கோவலர் குடியில் கிடைப்பதோ தினைச்சோறும் பாலும்தான். மந்தை வைத்திருப்பவன் மந்தையைத் தின்னமாட்டான் என்பது அந்தப் புலவருக்குத் தெரிந்திருக்கிறது. வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போது நிலத்துக்கேற்ற உணவு என்று சொல்லிவிட்டுக் கடந்துவிடுவோம். உடைமைக்கும் உணவுக்கும் இடையே உள்ள தூரத்தைச் சொல்லும் பகுதியாகவும் அதைப் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனிக் கரிசலுக்கு வருவோம்.

விளாத்திகுளம் வட்டத்தில் வேம்பூர் என்றொரு ஊர் இருக்கிறது. அந்த ஊரின் பெயராலேயே ஒரு செம்மறியாட்டு இனம் இந்தியக் கால்நடைப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. வெள்ளை உடம்பில் சிவப்பும் காவியுமாக ஒழுங்கற்ற திட்டுகள்; அதனால் பொட்டு ஆடு என்றும் சொல்வார்கள். கிடாய்க்குக் கொம்பு உண்டு, பெட்டைக்கு இல்லை. ஆங்கிலேயச் செம்மறியைப் போலக் கம்பளி மூட்டையாக இராது. குறுமயிர், நெடுங்கால், வெயிலில் நெடுந்தூரம் நடக்கும் உடல்வாகு. கொழுப்புக் குறைவான கறி. இதுபோகக் கீழக்கரிசல் செம்மறியும், வெள்ளாட்டில் கன்னி ஆடும் கொடி ஆடும் இப்பகுதிக்கு உரியவை. உலகத்தில் ஆட்டின் பெயரால் ஊர் அறியப்படும் இடங்கள் சிலவே. வேம்பூர் அவற்றில் ஒன்று என்பதை எங்கள் வட்டாரத்து மாணவர்களே அறியாதிருப்பது வருத்தம்.

இந்த ஆடுகளின் பொருளாதாரம் கிடையில் இருக்கிறது. ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி விதைத்த கம்பும் சோளமும் பருத்தியும் பயறும் மாசி பங்குனிக்குள் வீடு வந்து சேர்ந்துவிடும். பிறகு வெற்று நிலம். அதில் பகலில் ஆடுகள் தாள் மேயும். இரவில் கிடை போடுவார்கள். புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு எரு. நிலத்துக்காரர் கூலியாகத் தவசமோ பணமோ கொடுப்பார். கி.ராஜநாராயணன் 'கிடை' என்ற தம் குறுநாவலை இந்த உலகத்தின்மேல்தான் எழுப்பினார். அதை அம்ஷன்குமார் 'ஒருத்தி' என்ற பெயரில் 2003இல் திரைப்படமாக்கினார். ஆடு என்பது இங்கே நடமாடும் வைப்புத்தொகை. மகளுக்குக் கல்யாணம் என்றால் நான்கு உருப்படி சந்தைக்குப் போகும். உண்பதற்காக அறுப்பது கோயில் கொடைக்கும் பொங்கலை ஒட்டிய நாட்களுக்கும் மட்டும். எங்கள் தெருவுக்கு வந்துபோகும் முதிய கிடைக்காரர் ஒருவரிடம் கறி உண்பது பற்றி ஒருமுறை கேட்டேன். "எங்களுக்குக் கறி வேணும்னா ஆட்டுக்கு நோவு வரணும் தாயி" என்றார். அவர் அதை வேடிக்கையாகவும் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. தூக்குவாளியில் அவர் கொண்டுபோவது கம்பங்கஞ்சி. கடித்துக்கொள்ள வெங்காயமும் வத்தலும்.

அந்த வத்தலைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். மிளகாயும் உருளைக்கிழங்கும் ஒரே கண்டத்துப் பிள்ளைகள். இரண்டும் தென்னமெரிக்காவில் பிறந்து, கொலம்பஸுக்குப் பின் கடல் கடந்து, போர்த்துகீசியர் வழியாக இந்தியக் கரைக்கு வந்தவை. மிளகாய் வந்த வேகத்தில் மிளகின் பெயரைத் தொற்றிக்கொண்டு தமிழ்ச்சொல் ஆகிவிட்டது. விளாத்திகுளம், புதூர்ப் பகுதிகளின் மானாவாரிக் கரிசலில் அது வேரூன்றி, இன்று எங்கள் நிலத்தின் அடையாளமே அதுதான் என்னும்படி ஆகிவிட்டது. காய்ந்த மிளகாய்க்கு இங்கே வெறும் 'வத்தல்' என்று பெயர். வேறு எத்தனையோ பொருள்கள் வற்றினாலும் வத்தல் என்றால் மிளகாய்தான். அந்த அளவுக்கு அது சொந்தம்.

உருளைக்கிழங்குக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. கிழங்கு திரள்வதற்குக் குளிர்ந்த இரவுகள் வேண்டும். எங்கள் கரிசலில் இரவிலும் வெக்கை நிற்கும். மழை பெய்தால் களியாகக் குழைந்து நீர் நிற்கும் மண். காய்ந்தால் கை நுழையும் அளவு வெடிக்கும் மண். அதற்குள் ஒரு கிழங்கு உருண்டையாகப் பருக்க முடியாது. எனவே அது மலையேறிற்று. கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1820களில் உதகையில் குடியேறிப் பயிரிட்டுப் பார்த்த ஐரோப்பியக் காய்கறிகளில் உருளைக்கிழங்கும் ஒன்று. பின்னர் படகர்கள் அதைத் தம் பயிராகவே ஆக்கிக்கொண்டார்கள். சமவெளிக்கு அது விலைகொடுத்து வாங்கும் பொருளாகவே வந்தது. சொல்லிலும் அந்த விலகல் தெரிகிறது. உருண்டையாக இருக்கும் கிழங்கு என்று உருவத்தைச் சொல்லிப் பெயர் வைத்தார்கள். வழியில் காண்கிற அந்நியரை 'அந்த உயரமானவர்' என்று குறிப்பிடுவதுபோல. இன்றும் சந்தையில் நாட்டுக்காய், இங்கிலீஷ் காய் என்ற பிரிவினை உண்டு. உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் எல்லாம் பின்னதில் சேரும். பல வீடுகளில் திவசச் சமையலில் அவற்றுக்கு இடமில்லை. செத்தவர்கள் அதைச் சாப்பிட்டதில்லை என்பது காரணமாக இருக்கலாம்! (ஆனால் அதே வீடுகளில் பூரிக்கு மசால் இல்லாமல் விருந்து இல்லை.)

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில்பாதை 1876இல் திறக்கப்பட்டது. கோவில்பட்டி அதன்மேல் இருந்தது; எட்டயபுரமும் விளாத்திகுளமும் வண்டிப்பாதையோடு நின்றன. அதே 1876தான் தாது வருடப் பஞ்சம் தொடங்கிய ஆண்டு. எங்கள் பாட்டிமார் பஞ்சத்துக்கு ஆண்டு சொல்லமாட்டார்கள், தாது வருஷம் என்றுதான் சொல்வார்கள். மழை பொய்த்துக் கரிசல் காய்ந்து கிடந்தபோது புத்தம்புதிய தண்டவாளத்தில் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. சென்னையிலிருந்து தூத்துக்குடி வந்து, அங்கிருந்து கப்பலேறிக் கொழும்பு போகும் போட் மெயில் வழி 1914இல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி வழி வரும்வரை இதுதான். துரைகளும் துரைசானிகளும் தேயிலைத் தோட்டத்து அதிகாரிகளும் இந்த வழியே போனார்கள். கங்காணிகள் கூட்டிச்சென்ற எங்கள் மக்களும் இதே வழியே, வேறு பெட்டியில் போனார்கள்.

துரைமார் வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்தால் மூன்றாவது மனிதரைக் காண்கிறோம். 1878இல் சென்னையில் 'கலினரி ஜாட்டிங்ஸ் ஃபார் மெட்ராஸ்' என்ற நூல் வெளிவந்தது. எழுதியவர் ஆர்தர் கென்னி-ஹெர்பர்ட் என்ற ராணுவ அதிகாரி. 'வைவர்ன்' என்பது புனைபெயர். இந்தியாவில் ஆங்கிலேயக் குடும்பங்கள் ஐரோப்பிய முறையில் சமைத்து உண்பதற்கான வழிகாட்டி. அதில் சமையற்காரருக்கு ஒரு பெயர் உண்டு: ராமசாமி. எந்த வீட்டுச் சமையற்காரரானாலும் ராமசாமிதான். அவர் இதைக் கெடுப்பார், அதை மறப்பார், கூடவே நின்று சொல்லிக்கொடுத்தால் அருமையாகச் செய்வார் என்று நூல் நெடுகிலும் பாராட்டும் வசையும் கலந்து வந்துகொண்டிருக்கும். நம் ஊர்ச் சமையலறைகளின் நிலையைப் பற்றி அவர் முறையிட்டதும் உண்டு. புகை சூழ்ந்த தனிக்கட்டில், தரையில் குந்தி, விறகடுப்பில், தான் வாழ்நாளில் உண்டிராத பண்டங்களை, அறியாத மொழியில் கேட்ட குறிப்புகளைக்கொண்டு சமைத்த எத்தனையோ தமிழர்கள் அந்த ஒரு பெயருக்குள் கரைந்துபோனார்கள். 'குசினி' என்று நாம் சொல்லும் சொல்லே போர்த்துகீசியர் விட்டுச்சென்றது. குசினிக்காரர்கள் விட்டுச்சென்ற பெயர் ஒன்றுகூட நம்மிடம் இல்லை.

அவர்கள் எதிர்கொண்ட சிக்கல் நெருப்பு. மேலிருந்தும் கீழிருந்தும் ஒருசேரச் சூடு வந்தால்தான் 'பை' சிவக்கும். நம் அடுப்பு கீழிருந்து மட்டும் எரியும். பாத்திரத்தின் மூடிமேல் கங்குகளை அள்ளிவைத்து மேற்சூடு கொடுப்பது ஒரு வழி. அது நம்மவர்களுக்குப் புதிதும் அன்று. இன்னொரு வழி பண்டத்தையே திருப்பிப் போட்டுவிடுவது. மசித்த கிழங்கைக் கையில் கிண்ணம்போலக் குழித்து, நடுவில் கொத்துக்கறியை வைத்து மூடி, தட்டி, முட்டையில் தோய்த்து, ரொட்டித்தூளில் புரட்டிக் கல்லில் எண்ணெய் விட்டுப் பொரித்தால் அது 'பொட்டேட்டோ சாப்'. ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் இன்றும் இது விசேஷம். பெரிய தட்டில் ஒன்றாகச் சுட வேண்டியதைத் தனித்தனி உருண்டைகளாக்கித் தோசைக்கல்லுக்கு ஏற்றதாக மாற்றியதை நான் ஒரு சிறிய கண்டுபிடிப்பு என்றே கருதுகிறேன். ஓவன் இல்லாத குறை அப்படித் தீர்ந்தது. இதே பண்டம் கோவாவிலும் கல்கத்தாவிலும் உண்டு. ஈராக்கில்கூட 'சாப்' என்ற பெயரோடேயே இருக்கிறது.

திருச்சி பொன்மலை, போத்தனூர், கோலார் தங்கவயல் ஆகிய இடங்களில் ரயிலையும் சுரங்கத்தையும் சார்ந்து வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் சமையல் இப்படிப்பட்ட திருத்தங்களால் ஆனது. கோலார் தங்கவயலைச் சேர்ந்த பிரிட்ஜெட் ஒயிட்-குமார் அவற்றைத் தொகுத்துப் பல நூல்கள் எழுதியிருக்கிறார். கொத்துக்கறியில் இஞ்சி, பூண்டு, மஞ்சள், மிளகாய்த்தூள், கொஞ்சம் வினிகர், புதினா சேர்ந்துவிடும். மேலே கிழங்கு, உள்ளே முழுக்க நம் ஊர். சாப்பாட்டு மேசையில் பக்கத்துக் கிண்ணத்தில் 'பெப்பர் வாட்டர்' என்ற பெயரில் ரசம். நம் மிளகுத்தண்ணி ஆங்கில அகராதியில் 'மல்லிகடானி' ஆகி ஏறியதும் இந்த வழியில்தான். அவர்களிடம் 'டிங் டிங்' என்றொரு பண்டம் உண்டு. மசாலா தடவி வெயிலில் காயவைத்துப் பொரித்த இறைச்சி. எங்கள் உப்புக்கண்டத்துக்கு உடன்பிறப்பு. குளிர்நாட்டில் மீந்த கறி மறுநாள் 'பை' ஆகும். வெயில்நாட்டில் மீந்த கறி மறுநாள் கெடும், இல்லையேல் கயிற்றில் தொங்கும். இந்த ஒரு வேறுபாடே பல விஷயங்களை விளக்கிவிடுகிறது.

கறியும் மசித்த கிழங்கும் சேரும் வேறு இடங்களையும் பார்க்க வேண்டும். இலங்கையில் கறியையும் கிழங்கையும் ஒன்றாகவே பிசைந்து, மெல்லிய மாவு ரொட்டியில் சுருட்டி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரிக்கிறார்கள். 'மட்டன் ரோல்ஸ்' என்று யாழ்ப்பாணத்தவர் லண்டனுக்கும் டொராண்டோவுக்கும் கொண்டுபோன அது, இன்று அங்கே பிறந்தநாள் விழாக்களின் அடையாளம். மேற்கே மலையைத் தாண்டினால் மரவள்ளி. அதுவும் தென்னமெரிக்கக் கிழங்குதான். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் அதன் சாகுபடியை ஊக்குவித்தார் என்பார்கள். வேகவைத்து மசித்த மரவள்ளியில் எலும்போடு கூடிய இறைச்சியைக் கிளறிச் செய்யும் 'கப்ப பிரியாணி' மலைச்சரிவுக் குடியேற்றக்காரர்களின் உணவு. அடுக்கும் இல்லை, அலங்காரமும் இல்லை. ஆனால் கொஞ்சம் கறியைக் கிழங்கால் பெருக்கும் உபாயம் அதே உபாயம்.

கரிசலில் அந்தப் பெருக்கும் வேலையைச் செய்தது கிழங்கு அன்று. மொச்சை, கத்தரிக்காய், முருங்கைக்காய். அரைக்கிலோ கறியில் இரண்டு கைப்பிடி மொச்சையைப் போட்டுவிட்டால் பத்துப் பேர் இருக்கும் வீட்டில் எல்லோர் தட்டிலும் ஏதாவது விழும். கறி யாருக்கு, மொச்சை யாருக்கு என்பது தனி வரலாறு. அதை எழுத எங்கள் ஊர்ப் பெண்கள்தான் வரவேண்டும். மீந்த குழம்பை மறுநாள் மண்சட்டியில் சுண்டவைத்துக் கம்மஞ்சோற்றின் நடுவே குழி பறித்து ஊற்றிக்கொள்வார்கள். யோசித்துப் பார்த்தால் இதுதான் கரிசலின் ஷெப்பர்ட்ஸ் பை. பழைய கறி, அதைத் தாங்கும் ஒரு மாவுப் பொருள், சாறு இறங்கி ஊறுவதற்கு ஒரு பள்ளம். இதற்கு ஒரு தனிப்பெயர் வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கி.ரா. 1982இல் கொண்டுவந்த வட்டார வழக்குச் சொல்லகராதியைப் போல நம் வீட்டுச் சாப்பாட்டுக்கும் ஒரு தொகுப்பு வந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும். பூமணியும் சோ.தர்மனும் தம் நாவல்களில் பதிந்து வைத்திருப்பவற்றைத் திரட்டினாலே ஒரு நூல் தேறும்.

இனி வீட்டுச் சோதனைகள். கடந்த சில ஆண்டுகளாக எங்கள் வீட்டில் இந்தப் பண்டத்தை விதவிதமாகச் செய்து பார்த்து வருகிறோம். ஆராய்ச்சி என்று சொல்லி ஆட்டுக்கறி வாங்குவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது.

ஆங்கிலேயக் குறிப்புகளில் கறிக்கு 'வொர்செஸ்டர் சாஸ்' விடச் சொல்கிறார்கள். லீ அண்ட் பெரின்ஸ் என்ற இரு மருந்துக்கடைக்காரர்கள் 1837இல் விற்பனைக்குக் கொண்டுவந்த கறுப்பு நிறச் சாறு அது. அதில் சேரும் பொருள்களைப் பார்த்தால் புளியும், ஊறவைத்த நெத்திலி வகை மீனும் இருக்கின்றன. நம் புளியைக் குப்பியில் அடைத்து நமக்கே விற்பானேன்? கொட்டைப்பாக்கு அளவு புளியைக் கரைத்து ஊற்றினோம். மணத்துக்குத் தூத்துக்குடி நெத்திலிக் கருவாடு இரண்டைப் பொடித்துச் சேர்த்தோம். மூலத்தைவிட நன்றாகவே இருந்தது என்பது என் துணிபு. வேம்பூர்க் கிடாயின் கறியில் கொழுப்புக் குறைவு என்பதால் நல்லெண்ணெய் தாராளமாக விட வேண்டியிருக்கிறது; இல்லையென்றால் கொத்துக்கறி மணல்போல உதிரும். எந்திரத்தில் அரைத்ததைவிடக் கடைக்காரர் கட்டையில் வைத்துக் கத்தியால் கொத்தித் தருவதே மேல்.

மூடாக்குத்தான் பெரிய கேள்வி. உருளைக்கிழங்கில் தொடங்கினோம். மிதமான சூட்டில் அது சிவந்து வந்ததைக் கண்டு என் தாயார், "என்ன தாயி, கறியப் பொதச்சுல்ல வச்சிருக்க?" என்றார். புதைத்ததைத் தோண்டி எடுத்து உண்டார், கிழங்கை ஒதுக்கிவிட்டார். அடுத்து சீனிக்கிழங்கு. இனிப்பும் காரமும் பிள்ளைகளுக்குப் பிடித்தன, எனக்குப் பிடிக்கவில்லை. மரவள்ளி பசையாக இறுகிற்று. குதிரைவாலிச் சோற்றைக் குழைய வடித்துப் பரப்பியது ஓரளவு தேறியது, ஆனால் சாற்றை முழுவதும் உறிஞ்சிவிட்டது. ஓவன் இல்லாதவர்கள் குக்கரில் மணல் பரப்பி, வெயிட் போடாமல் வைத்துச் சுடலாம். எங்கள் பக்கத்தில் கிறிஸ்துமஸுக்குக் கேக் மாவைத் தட்டில் ஊற்றிப் பேக்கரியில் கொடுத்துச் சுட்டு வாங்கும் வழக்கம் கிறிஸ்தவ நண்பர்களிடம் உண்டு. அந்த வழியையும் முயன்றோம். பேக்கரிக்காரர் தட்டைப் பார்த்துவிட்டுக் கறி வாடை ரொட்டியில் ஏறிவிடும் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் சொன்னது நியாயம்தான்.

கடைசியாகக் கம்பு. கம்பங்களியைக் கெட்டியாகக் கிண்டி, கறியின்மேல் ஒரு விரற்கடை உயரத்துக்குப் பரப்பி, மேலே எண்ணெய் தடவி, மூடிபோட்டு, மூடிமேல் கங்கு வைத்து அரைமணி நேரம் விட்டோம். திறந்தபோது களி கருநீலச் சாம்பல் நிறத்தில் உலர்ந்து, சித்திரை மாதத்துக் கரிசல் போலப் பாளம் பாளமாக வெடித்திருந்தது. வெடிப்புகளுக்குள்ளிருந்து கறிச்சாறு கொதித்து மேலே வந்துகொண்டிருந்தது. சுவையில் உருளைக்கிழங்கின் வழவழப்பு இல்லை. கம்புக்கே உரிய சிறு கசப்பும் அடிநாக்கில் நிற்கும் மணமும் இருந்தன. வத்தல் காரத்துக்கு அது ஈடு கொடுத்தது. சூடு ஆறினால் ஓடுபோலக் கெட்டிப்பட்டுவிடுகிறது என்பதால் உடனே உண்டுவிட வேண்டும். அல்லது மேலே இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்ற வேண்டும்.

அன்று தெருவழியே போன கிடைக்காரருக்கும் ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தோம். அவர் களியின் ஒரு பாளத்தைப் பெயர்த்தெடுத்துக் கறியைத் தொட்டு உண்டார். இது என்ன ஆடு என்று கேட்டார். சந்தையில் வாங்கிய கறி, எந்த ஆடென்று தெரியவில்லை என்றேன். இன்னொரு வாய் மென்றுவிட்டு, "பொட்டுக் கிடாதான், இளசு" என்றார்.